ஆட்டிசம் உள்ள சிறு குழந்தையோடு முதல் கப்பல் பயணம்: டிக்கெட் எடுப்பதிலிருந்து இறங்கும் காலை வரை

கடலைக் கண்டு மகன் மிரண்டுவிடுவானோ என்று மூன்று மாதம் கவலைப்பட்டோம். அவன் மிரண்டது கேபின் கழிப்பறையைக் கண்டு. கப்பல் கழிப்பறைகளில் கழிவைக் காற்றின் உறிஞ்சு விசையால் இழுக்கிறார்கள், விமானத்தில் இருப்பதுபோல. பொத்தானை அழுத்தியதும் அந்தச் சின்ன அறையே அதிர்கிற மாதிரி ஒரு சத்தம். அதற்குப் பிறகு ஒன்றரை நாள் அவன் அந்த வாசலில் கால் வைக்கவில்லை. மூடியைச் சாத்திவிட்டு அழுத்தினால் சத்தம் குறையும், குழந்தை வெளியே வந்த பிறகு அழுத்தினால் இன்னும் நல்லது. இரண்டே வரிதான், ஆனால் எங்களிடம் யாரும் சொல்லவில்லை. அப்படி யாரும் சொல்லாத விஷயங்களைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். மூன்றிலிருந்து எட்டு வயதுக்குள் குழந்தை வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது.

முதலில் ஒரு நல்ல செய்தி. ஊர் ஊராகப் போய் ஒவ்வொரு இரவும் ஒரு விடுதியில் தங்கும் சுற்றுலாவைவிடக் கப்பல் நம் குழந்தைகளுக்கு ஒத்துவரும். பெட்டியை ஒரே தடவை பிரிக்கிறோம். தினமும் அதே கட்டில், அதே மேசை, அதே பரிமாறுபவர். ஊர்தான் ஜன்னலுக்கு வெளியே மாறிக்கொண்டிருக்கும். மூன்றாம் நாள் வந்துவிட்டால் குழந்தை கப்பலைத் தன் வீடாக எடுத்துக்கொண்டுவிடும். சிரமமெல்லாம் ஏறும் நாளின் முதல் ஐந்தாறு மணி நேரத்திலும் இறங்கும் காலையிலும்தான். உங்கள் திட்டமிடலில் முக்கால்வாசியை அந்த இரண்டுக்கும் செலவழியுங்கள். நடுவில் இருக்கும் நாட்களைத் தளர்வாக விடுங்கள்.

கப்பலும் கேபினும்

ராயல் கரீபியன் நிறுவனம் 2007 முதல் 'ஆட்டிசம் ஆன் தி சீஸ்' என்ற அமைப்போடு சேர்ந்து செயல்படுகிறது. அந்த அமைப்பு சில பயணங்களில் பயிற்சி பெற்ற ஊழியர்களையே கூட அனுப்பும். பெற்றோர் சற்று மூச்சுவிடும் நேரத்தில் அவர்கள் குழந்தையைப் பார்த்துக்கொள்வார்கள், நிகழ்ச்சிகளில் தனி இருக்கை ஒதுக்கித் தருவார்கள். இதற்குக் கட்டணம் தனி. கார்னிவல் நிறுவனம் 'கல்ச்சர்சிட்டி' அமைப்போடு சேர்ந்து, சத்தம் தடுக்கும் ஹெட்ஃபோன், கையில் உருட்டும் பொம்மைகள் எல்லாம் அடங்கிய பையைப் பயணிகளுக்கு இரவல் தருகிறது. மற்ற நிறுவனங்களிலும் ஏதாவது ஏற்பாடு இருக்கும். 'ஆட்டிசம் குழந்தைகளுக்கு ஏற்றது' என்று விளம்பரத்தில் காட்டும் சான்றிதழைப் பார்த்து நின்றுவிடாமல் போனில் கூப்பிட்டு இரண்டு கேள்வி கேளுங்கள்: "வரிசையில் நிற்காமல் ஏற முடியுமா?", "டயபர் போட்ட குழந்தையைக் குழந்தைகள் கிளப்பில் சேர்ப்பீர்களா?" பதில் சொல்கிறவர் தடுமாறுவதிலேயே பாதி தெரிந்துவிடும்.

பெரிய கப்பலா, சின்னதா? பெரியதில் கூட்டமும் சத்தமும் அதிகம், ஆனால் ஒதுங்குவதற்கு மூலைகளும் அதிகம். நூலகம், காலை நேரத்தில் காலியாகக் கிடக்கும் கூடம், மேல்தளத்தில் யாரும் போகாத பின்பகுதி என்று ஏதாவது ஒன்று கிடைக்கும். அதனால் நான் பெரியதையே சொல்வேன். நாட்களைப் பொறுத்தவரை, 'முதலில் மூன்று இரவு போய்ப் பார்ப்போம்' என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். குழந்தை பழகி முடிக்கும்போது இறங்க வேண்டியிருக்கும் என்பதுதான் அதில் உள்ள சங்கடம். நான்கு அல்லது ஐந்து இரவு சரியாக இருக்கும். பள்ளி விடுமுறைக் காலத்தைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள்.

கேபினைத் தேர்ந்தெடுக்கும்போது கப்பலின் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உங்களுக்கு மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேலே நீச்சல்குளத் தளம் இருந்தால் விடியற்காலையில் நாற்காலிகளை இழுக்கும் சத்தம் கேட்கும். கீழே நாடக அரங்கமோ நடனக் கூடமோ இருந்தால் நள்ளிரவு வரை 'தும் தும்' என்று அடித்துக்கொண்டிருக்கும். முன்முனையில் நங்கூரச் சங்கிலியின் சத்தம். கேபின்களுக்கு நடுவே கேபின், கப்பலின் மையப்பகுதி, கீழ்த்தளம்: இதுதான் அமைதி, ஆட்டமும் குறைவு.

பால்கனி விஷயத்தில் என் கருத்து கறாரானது. ஏறிக் குதிக்கும் குழந்தை என்றால் பால்கனி வேண்டவே வேண்டாம். திறக்க முடியாத ஜன்னல் உள்ள கேபின் போதும். வெளிச்சமும் வரும், கடலும் தெரியும், நீங்களும் தூங்கலாம். ஜன்னலே இல்லாத உள் கேபின் விலை மலிவு. விளக்கை அணைத்தால் கும்மிருட்டு என்பதால் சில குழந்தைகள் அதில் அருமையாகத் தூங்கும், சில குழந்தைகள் அலறும். பேட்டரியில் எரியும் சிறு விளக்கு ஒன்று கொண்டுபோனால் இரண்டுக்கும் சமாளிக்கலாம்.

படிவம்

டிக்கெட் எடுத்த கையோடு நிறுவனத்தின் சிறப்புத் தேவைப் படிவத்தை வாங்கி நிரப்பி அனுப்பிவிடுங்கள். குறைந்தது 30 நாளுக்கு முன்பு என்பார்கள், இரண்டு மாதம் முன்பே கொடுத்துவிட்டால் தொல்லை இல்லை. 'ஆட்டிசம்' என்று ஒரு சொல் மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். அதைப் படிப்பவருக்கு அதிலிருந்து எதுவும் விளங்காது. "வரிசையில் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியாது", "பேச்சு இல்லை, டேப்லெட்டில் படம் தொட்டுச் சொல்வான்", "அபாயச் சங்கு சத்தம் கேட்டால் ஓடுவான்", "உணவறையில் சுவரோர மேசை வேண்டும்" என்று செய்ய வேண்டியதைக் கேளுங்கள். வந்த பதிலை அச்சிட்டுக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். துறைமுகத்தில் நிற்கும் ஊழியருக்கு அந்தப் பதில் போய்ச் சேர்ந்திருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. எங்களுக்குப் போய்ச் சேரவில்லை.

காப்பீடு எடுக்கும்போது குழந்தையின் ஆட்டிசத்தையும் வலிப்பு போன்ற கூடவே உள்ள மற்றவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். நடுக்கடலிலிருந்து கரைக்குக் கொண்டுபோகும் செலவு அதில் அடங்குகிறதா என்று பாருங்கள். கப்பலில் மருத்துவர் இருப்பார், கட்டணமும் இருக்கும்.

வீட்டில் ஒத்திகை

அமெரிக்க ஆசிரியை கேரல் கிரே 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கிய 'சமூகக் கதை' முறையைத் தெரபிஸ்டிடம் கேட்டிருப்பீர்கள். அதையே கப்பலுக்கும் செய்யுங்கள். குழந்தையின் பார்வையில், சின்னச் சின்ன வாக்கியங்களில், ஒரு பக்கத்துக்கு ஒரு படம். "பெரிய கட்டிடத்துக்குள் போவோம். பையை மெஷினில் வைப்போம். நம்மைப் போட்டோ எடுப்பார்கள். பாலம் மாதிரி இருக்கும், அதில் நடப்போம்." உங்கள் கப்பலின் பெயரைப் போட்டு யூடியூபில் தேடினால் கேபினுக்குள் நடந்து காட்டும் வீடியோக்கள் கிடைக்கும். அதே கேபின் வகையை, அதே நடைபாதையைப் பார்த்துப் பார்த்துக் குழந்தைக்கு மனப்பாடமாகிவிட வேண்டும். கடைசிப் பக்கத்தில் மறக்காமல் வீட்டின் படத்தை ஒட்டுங்கள். திரும்பி வருவோம் என்பது நமக்குத் தெரியும், குழந்தைக்குத் தெரியாது.

கூடவே பழக்க வேண்டியவை: கையில் கட்டும் பட்டை, உயிர்காப்பு அங்கி, ஹெட்ஃபோன், ஷவரில் குளிப்பது. பல கேபின்களில் தொட்டி இருக்காது, குறுகலான ஷவரும் உடம்பில் ஒட்டும் திரையும்தான். வாளித் தண்ணீரிலோ தொட்டியிலோ மட்டும் குளித்துப் பழகிய குழந்தைக்கு இது பெரிய மாற்றம். பேசுவதற்கு டேப்லெட் பயன்படுத்தும் குழந்தை என்றால் 'கப்பல்', 'கேபின்', 'ரொம்பச் சத்தம்', 'திரும்பிப் போகலாம்' ஆகியவற்றை இப்போதே அதில் சேர்த்துவிடுங்கள். முக்கியமான படங்களைத் தாளில் அச்சிட்டு லேமினேட் செய்து வைத்துக்கொள்ளுங்கள், நீச்சல்குளத்துக்கு டேப்லெட் வராது.

பெட்டியில் என்ன

காந்தம். ஆமாம், முதலில் காந்தம். கேபின் சுவர்களும் கதவும் பெரும்பாலும் உலோகம். தினசரி அட்டவணைப் படங்களைக் காந்தத்தால் சுவரில் ஒட்டலாம், தொப்பியையும் ஹெட்ஃபோனையும் காந்தக் கொக்கியில் மாட்டலாம். கதவின் வெளிப்புறம் குழந்தைக்குப் பிடித்த ஒரு படத்தை ஒட்டுங்கள். நீண்ட நடைபாதையில் நூறு கதவு ஒரே மாதிரி இருக்கும்போது அந்தப் படம்தான் குழந்தைக்கு முகவரி.

பழகிய தலையணை உறை, போர்வை. வீட்டிலேயே துவைத்த வாசனையோடு. மருந்துகள் அசல் டப்பாவிலும் மருத்துவர் சீட்டோடும், தேவைக்கு மேல் மூன்று நான்கு நாளுக்கு அதிகமாகவும். வீடியோக்களைப் புறப்படும் முன்பே தரவிறக்கம் செய்துவிடுங்கள். கப்பல் இணையத்தை நம்பி ஏறினால், பிடித்த பாட்டு நடுவில் சுற்றிக்கொண்டே நிற்கும் வேளையில் அதன் பலன் தெரியும். பெரும்பாலான நிறுவனங்கள் பிரிக்காத பாக்கெட் தின்பண்டங்களை அனுமதிக்கும், வீட்டில் சமைத்ததை அனுமதிக்காது. மின்னழுத்த ஏற்றத்தைத் தடுக்கும் கருவி (சர்ஜ் புரொடெக்டர்) வைத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், கெட்டில் போன்றவற்றைத் தீ ஆபத்து என்று பிடுங்கி வைத்துவிடுவார்கள். வெள்ளை இரைச்சல் மெஷின் (ஒரே சீரான மெல்லிய சத்தம் எழுப்புவது), எடைப் போர்வை (உள்ளே எடை வைத்துத் தைத்தது) வைத்திருந்தால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

எல்லாவற்றையும் பெரிய பெட்டியில் போட்டுவிடாதீர்கள். அதைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள், கேபினுக்கு வந்து சேர மாலைகூட ஆகலாம். மருந்து, மாற்றுடை, நீச்சலுடை, டயபர், தின்பண்டம், அந்த 'இல்லாமல் முடியாது' பொம்மை எல்லாம் தோள்பையில் இருக்க வேண்டும்.

ஏறும் நாள்

முன்பு சொன்ன ஐந்தாறு மணி நேரம் இதுதான். பரிசோதனை, வரிசை, போட்டோ, பாலம், உள்ளே நுழைந்ததும் பாட்டும் கூட்டமும். கேபின் பெரும்பாலும் மதியம் ஒரு மணிக்கு மேல்தான் திறக்கும். நாங்கள் முதல் தடவை ஆர்வக்கோளாறில் காலை பத்தரைக்கே போய் நின்றோம். கேபினும் இல்லாமல், பெட்டியும் இல்லாமல், பஃபே கூட்டத்தில் ஒரு நாற்காலிக்கு அலைந்தோம். கேபின் திறந்த பிறகு போய்ச் சேரும்படி ஏறும் நேரத்தை முன்பதிவு செய்யுங்கள். நேராகக் கதவுக்குப் போய்ப் படத்தை ஒட்டி, போர்வையை விரித்து, அட்டவணையைச் சுவரில் மாட்டிய பிறகுதான் மற்றதெல்லாம்.

பச்சை நிறத்தில் சூரியகாந்திப் பூ போட்ட கழுத்துப்பட்டையைக் கேள்விப்பட்டிருக்கலாம். வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர்களுக்காக 2016-ல் லண்டன் காட்விக் விமான நிலையத்தில் தொடங்கியது. இன்று பல விமான நிலையங்களும் சில கப்பல் நிறுவனங்களும் அதை அடையாளம் காண்கின்றன. விமானத்தில் வந்து கப்பல் ஏறுவதாக இருந்தால் இரண்டு இடத்துக்கும் உதவும்.

அன்று தப்பிக்க முடியாத ஒன்று அவசரகால ஒத்திகை. சர்வதேசக் கடல் பாதுகாப்பு விதிப்படி எல்லாப் பயணிகளுக்கும் கட்டாயம். முன்பு ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்றிருந்தது. 2012 ஜனவரியில் 'கோஸ்டா கான்கார்டியா' இத்தாலியக் கரையோரம் பாறையில் மோதிச் சாய்ந்த பிறகு, கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ நடத்தியாக வேண்டும் என்று மாற்றினார்கள். 2020-க்குப் பிறகு பல நிறுவனங்களில் இது எளிதாகிவிட்டது: போனிலோ கேபின் டிவியிலோ வீடியோ பார்த்துவிட்டு, உங்களுக்கு ஒதுக்கிய கூடும் இடத்துக்கு ஒருமுறை போய்ப் பதிவு செய்தால் முடிந்தது. கூட்டம் சேரும் முன்பே போய்விடுங்கள். எல்லோரும் சேர்ந்து நிற்கும் பழைய முறை என்றால், ஓரமாகவோ உள்ளறையிலோ நிற்க அனுமதி கேளுங்கள். முன்கூட்டியே கேட்டால் பெரும்பாலும் தருவார்கள்.

சங்கு மட்டும் எந்த முறையிலும் ஒலிக்கலாம். ஏழு குட்டை ஒலி, ஒரு நீண்ட ஒலி. எத்தனை மணிக்கு என்று வரவேற்பு மேசையில் கேட்டு, ஐந்து நிமிடம் முன்பே ஹெட்ஃபோனை மாட்டிவிடுங்கள். வீட்டிலேயே மெல்லிய சத்தத்தில் 'ஏழு குட்டை, ஒரு நீளம்' என்று விரல்விட்டு எண்ணிப் பழகியிருந்தால் இன்னும் நல்லது. என் மகன் இப்போது எட்டாவதுக்காகக் காத்திருக்கிறான்.

ஓடிவிடும் குழந்தை

இதைப் படிக்காமல் தாண்டிவிடாதீர்கள். அமெரிக்காவில் நடத்தி 2012-ல் 'பீடியாட்ரிக்ஸ்' மருத்துவ இதழில் வந்த ஆய்வில், ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப்பேர் நான்கு வயதுக்குப் பிறகு ஒருமுறையாவது பாதுகாப்பான இடத்தைவிட்டு ஓட முயன்றதாகப் பெற்றோர் சொல்லியிருந்தார்கள். கேபின் கதவை உள்ளிருந்து திறக்கக் கைப்பிடியை அழுத்தினால் போதும். தீ விபத்தில் யாரும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக அப்படி. ஆகவே கதவை அடைத்து எதையும் கட்டி வைக்காதீர்கள். திறந்தால் கத்தும் பேட்டரி அலாரம் ஒன்றைக் கதவில் ஒட்டுங்கள், பெரியவர் ஒருவர் கதவுப் பக்கக் கட்டிலில் படுங்கள். பால்கனி இருந்தே தீரும் என்றால் நாற்காலி மேசையை எடுத்துவிடும்படி கேபின் உதவியாளரிடம் சொல்லுங்கள். கம்பிக்குப் பக்கத்தில் நாற்காலி கிடந்தால் அது ஏணி.

ஜிபிஎஸ் கருவியை நம்ப வேண்டாம். இரும்புச் சுவர்களுக்குள் செயற்கைக்கோள் சிக்னல் வராது. அதற்குப் பதில், தினமும் காலையில் அன்றைய உடையில் குழந்தையைப் போனில் ஒரு படம் எடுங்கள். கண்ணைப் பறிக்கும் நிறத்தில் சட்டை. கையில் பெயர், கேபின் எண், 'பேச மாட்டான்' என்ற குறிப்போடு பட்டை. முதல் நாளே கேபின் உதவியாளரிடமும் அந்தத் தள ஊழியர்களிடமும் குழந்தையைக் காட்டி, "இவன் தனியாக வந்தால் பிடித்து நிறுத்துங்கள்" என்று சொல்லிவிடுங்கள். வெட்கப்பட வேண்டாம், அவர்களுக்கு அது பிடித்த வேலை. காணவில்லை என்று தெரிந்த நொடியே அருகில் உள்ள ஊழியரிடம் சொல்லுங்கள். முதலில் தேட வேண்டியது தண்ணீர் இருக்கும் இடங்கள்: நீச்சல்குளம், சுடுநீர்த் தொட்டி, மேல்தளம். அதன் பிறகு லிஃப்ட்.

லிஃப்ட் பற்றி ஒரு வார்த்தை. பொத்தான், கதவு, எண் மூன்றும் ஓரிடத்தில். சில குழந்தைகளுக்குக் கப்பலில் அதைவிடச் சிறந்த விளையாட்டு இல்லை. அட்டவணையில் 'லிஃப்ட் நேரம்' என்று பதினைந்து நிமிடம் ஒதுக்கிவிடுங்கள், எல்லோரும் சாப்பிடப் போயிருக்கும் வேளையில்.

சாப்பாடு, கிளப், நீச்சல்

உணவறையில் நேரம் குறித்த முதல் பந்தியை எடுத்தால் தினமும் அதே மேசை, அதே பரிமாறுபவர். முதல் இரவே தலைமைப் பரிமாறுபவரிடம் குழந்தை சாப்பிடும் நான்கைந்து பொருட்களைச் சொல்லி, உட்கார்ந்ததும் தட்டு வரும்படி கேளுங்கள். அடுத்த நாளிலிருந்து கேட்காமலே வரும். தட்டில் ஒன்றோடொன்று படக் கூடாது என்றால் அதையும் சொல்லுங்கள். ஒரு இரவு சரிப்படவில்லை என்றால் கேபினுக்கே வரவழைத்துச் சாப்பிடுங்கள், விடுமுறைதானே.

குழந்தைகள் கிளப் பொதுவாக மூன்று வயதிலிருந்து, கழிப்பறைப் பழக்கம் இருந்தால்தான். ஊழியர்கள் பெரும்பாலும் டயபர் மாற்ற மாட்டார்கள், ஒரு குழந்தைக்கென்று தனியாக ஒருவரை நிறுத்தவும் மாட்டார்கள். வயதுப்படி இல்லாமல் திறன்படி குழுவில் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம், சில நிறுவனங்கள் சம்மதிக்கும். முதல் நாள் எல்லோரும் சுற்றிப் பார்க்கத் திறந்து வைத்திருக்கும் நேரத்தில் கூடவே போய் உட்காருங்கள். மறுநாள் இருபது நிமிடம் தனியாக விடுங்கள். கிளப் ஊழியர் கையில் ஒரு தாளைக் கொடுங்கள்: எது பிடிக்கும், எது வெடிக்க வைக்கும், கழிப்பறை வேண்டும் என்பதை எப்படிச் சொல்வான். அவன் அங்கே இருக்க விரும்பவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

நீச்சல்குளத்தில் பெரும்பாலான கப்பல்கள் எந்த வகை டயபரையும் அனுமதிப்பதில்லை, நீச்சல் டயபர் உட்பட. பல கப்பல்களில் உயிர்காப்பாளரும் கிடையாது, எனவே கை நீட்டும் தூரத்தில் நீங்கள்தான். சில குளங்களில் கடல்நீர். கண் எரியும், உதட்டில் உப்புக் கரிக்கும், அதற்கே சில குழந்தைகள் வெளியேறிவிடும்.

துறைமுக நாட்கள்

கப்பல் கரையில் நின்றதும் கூட்டம் மொத்தமும் இறங்கிப் போய்விடும். நீங்கள் இறங்காதீர்கள். குளம் காலி, சறுக்கு காலி, உணவறை காலி. பணம் கொடுத்து வந்துவிட்டு ஊரைப் பார்க்காமலா என்று மாமியாரிலிருந்து பக்கத்து கேபின்காரர் வரை கேட்பார்கள். இரண்டு துறைமுகம் இருந்தால் ஒன்றில் இறங்கி, இரண்டு மணி நேரம் நடந்துவிட்டு வந்தாலே போதும். பெரிய கப்பல் கரைக்கு வர முடியாத துறைமுகங்களில் சிறு படகில் ஏற்றிக்கொண்டுபோவார்கள். வரிசை, ஆட்டம், நெருக்கம் மூன்றும் அதில் உண்டு. அந்த ஊர்களை நான் அப்படியே விட்டுவிடுவேன்.

குமட்டலா, கோபமா

அசைவுக் குமட்டல் 2 முதல் 12 வயதுக் குழந்தைகளுக்கு அதிகம். பேசாத குழந்தை அதைச் சொல்லாது. வெளிறிய முகம், வியர்வை, எச்சில் ஊறுவது, தரையில் படுத்துக்கொள்வது, காரணம் தெரியாத சிடுசிடுப்பு இருந்தால் மெல்ட்டவுன் (தாங்க முடியாமல் கட்டுப்பாடு இழந்து வெடிப்பது) என்று முடிவு கட்டும் முன் குமட்டலாக இருக்குமோ என்று பாருங்கள். வெளிக்காற்றுக்கு அழைத்துப் போய்த் தொடுவானத்தைப் பார்க்க வையுங்கள். மாத்திரை விஷயத்தைப் புறப்படும் முன்பே குழந்தையின் மருத்துவரிடம் கேளுங்கள், குறிப்பாக ஏற்கனவே வேறு மருந்து எடுத்துக்கொண்டிருந்தால். தூக்கம் வர வேண்டிய மருந்தே சில குழந்தைகளைத் தலைகீழாகத் துள்ள வைக்கும். அதை முதன்முதலாகக் கண்டுபிடிக்கும் இடம் நடுக்கடலாக இருக்கக் கூடாது.

மெல்ட்டவுன் வரத்தான் செய்யும். வந்தால் தூக்கிக்கொண்டு ஓடாமல் இருக்க, ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்தில் ஓர் அமைதியான மூலையை முதல் நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வேடிக்கை பார்ப்பவர்களை நாளை மறுநாளுக்குப் பிறகு நீங்கள் பார்க்கப் போவதில்லை.

இறங்கும் காலை

முந்தைய இரவே பெட்டிகளைக் கதவுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். தன் பொருட்கள் மறைவதைப் பார்க்கும் குழந்தைக்கு அன்று தூக்கம் போய்விடும். பெட்டியை நீங்களே தூக்கிக்கொண்டு இறங்குவதாகப் பதிவு செய்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை, காலையில் சீக்கிரம் இறங்கவும் விடுவார்கள். அது முடியாது என்றால் குழந்தை தூங்கிய பிறகு வெளியே வையுங்கள். காலையில் போடும் உடையையும் செருப்பையும் தனியே எடுத்து வைத்துவிட்டு. எங்கள் வீட்டில் ஒருவர் இரவு உடையிலேயே குடியேற்ற வரிசையில் நின்றார், அது குழந்தை இல்லை.

இரண்டு நாளுக்கு முன்பிருந்தே அட்டவணையில் 'இன்னும் இரண்டு தூக்கம், அப்புறம் வீடு' என்று படம் ஒட்டி வாருங்கள். கதவில் ஒட்டிய படத்தைக் குழந்தையே கழற்றி எடுக்கட்டும், அது முடிந்தது என்பதற்கு அடையாளம். வரவேற்பு மேசையில் முந்தைய நாளே கேட்டால் வரிசையில்லாமல் இறங்கும் வழியையும் காட்டுவார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் ஓரிரு நாள் தரை ஆடுவதுபோல இருக்கும், கண்ணை மூடிக் குளிக்கும்போது நன்றாகத் தெரியும். குழந்தைக்கும் அது இருக்கலாம். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாலோ, படுக்க மறுத்தாலோ, கட்டிலை விட்டுத் தரையில் போய்ப் படுத்தாலோ அப்படியே விடுங்கள். பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும்.